கழுத்தில் தொங்கும் எழுத்து: யூத மறைஞான நகைகளைப் புரிந்து அணிய ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, இணையத்தில் வாங்கிய வெள்ளி டாலர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எபிரேய மொழியில் 'உயிர்' என்று எழுதியிருக்கிறதாம். போட்டுக்கொண்டால் கெட்டது அண்டாதாம். கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டே எழுத்துகள், இரண்டும் இடம் மாறி நின்றன. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி. அச்சு வார்த்தவருக்கு அது தெரியவில்லை. 'ர்யிஉ' என்று பொறித்த டாலரை ஒருவர் மூன்று மாதம் பக்தியோடு கழுத்தில் போட்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "சரி, அப்போ எதைத்தான் வாங்குறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நகைக்கடையில் விடை கிடைக்காது. யூத மறைஞான மரபில் உலோகத்துக்கும் கல்லுக்கும் இரண்டாம் இடம்தான். எழுத்துதான் நகை, வெள்ளி அதைத் தாங்கும் தட்டு. அதனால் காசை எடுப்பதற்கு முன் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கட்டளை, தாயத்து, அடையாளம் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

யூதர்கள் உடம்பில் அணிவதெல்லாம் ஒரே வகை இல்லை. முதல் வகை, வேதம் அணியச் சொன்னது. தோராவின் (மோசேயின் ஐந்து நூல்களின்) வசனங்களைத் தோல்சுருளில் எழுதி உள்ளே வைத்த கறுப்புப் பெட்டிகளைக் காலைத் தொழுகையின்போது கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்வார்கள். அதற்குத் தெஃபிலின் என்று பெயர். ஆடையின் நான்கு முனைகளிலும் தொங்கும் நூல் குஞ்சம் த்ஸித்ஸித். இந்தச் சொல்லின் எழுத்துகளை எண்களாக்கிக் கூட்டினால் 600. ஒரு முனையில் 8 இழை, 5 முடிச்சு. ஆக 613; தோராவின் கட்டளைகள் அத்தனை என்பது மரபு. 11-ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். இவையெல்லாம் வழிபாட்டுப் பொருள்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது வகை தாயத்து. எபிரேயத்தில் கமெயா. தகட்டிலோ தோலிலோ இறைநாமங்களையும் வசனங்களையும் எழுதிச் சுருட்டி, குப்பியில் அடைத்துக் கட்டிக்கொள்வது. நம் ஊர்த் தாயத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1979-இல் எருசலேமின் இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய பழைய கல்லறை ஒன்றில் கபிரியேல் பர்க்காய் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தபோது, விரல் நுனி அளவில் சுருண்டு கிடந்த இரண்டு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. உடையாமல் அவற்றைப் பிரித்தெடுக்கவே சில வருடங்கள் ஆயின. பிரித்தால் பெரியதுகூடப் பத்து சென்டிமீட்டர் நீளம் இல்லை. உள்ளே மயிரிழை மாதிரி கீறிய எழுத்துகள்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று எண்ணாகமத்தில் வரும் ஆசாரியர் வாழ்த்து. ஏறத்தாழ 2,600 வருடப் பழமை. வேதாகம வசனம் எழுதிய பொருள்களில் இதைவிடப் பழையது இன்றுவரை கிடைக்கவில்லை. அதாவது நம் கைக்கு வந்து சேர்ந்த மிகப் பழைய வேத வரி ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கவில்லை. யாரோ ஒருவரின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சுருளின் நடுவில் நூல் கோக்க இடம் விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வகை, 'நான் இன்னார்' என்று சொல்லும் அடையாளம். நட்சத்திர டாலர், 'உயிர்' டாலர் எல்லாம் இதில் அடங்கும். இன்று கடைகளில் 'கபாலா நகை', அதாவது யூத மறைஞான நகை என்று விற்பவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகை. இரண்டாம் வகையின் பேச்சைப் பேசி விற்கப்படுகிறது, அவ்வளவுதான்.

நகைக்கும் தாயத்துக்கும் உள்ள எல்லைக்கோட்டை யூதச் சட்டம் மிகப் பழைய காலத்திலேயே அலசியிருக்கிறது. ஓய்வுநாளில் பொது இடத்தில் சுமை தூக்கக் கூடாது. அணிந்திருப்பது அணிகலன் என்றால் சுமையில்லை. அப்படியானால் தாயத்து அணிகலனா, சுமையா? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லும் தீர்ப்பு: கைதேர்ந்தவர் செய்த தாயத்தோடு வெளியே போகலாம், மற்றதோடு கூடாது. கைதேர்ந்தது என்று எப்படி முடிவு செய்வது? மூன்று முறை குணப்படுத்திக் காட்டியிருக்க வேண்டும் என்கிறது, மிஷ்னாவை விவாதிக்கும் பெருந்தொகுப்பான தல்மூத். இன்றைய விற்பனையாளர்களிடம் இந்த அளவுகோலை நீட்டிப் பாருங்கள்.

மிஷ்னாவின் அதே அதிகாரத்தில் பெண்கள் தலையில் சூடும் 'பொன் நகரம்' என்ற அணியும் வருகிறது. அதற்கு விளக்கம் தேடும் தல்மூத், ரபி (யூத மத ஆசான்) அக்கிவா தன் மனைவிக்குச் செய்து கொடுத்த 'பொன் எருசலேம்' அது என்கிறது. இருவரும் ஏழைகளாக வைக்கோலில் படுத்துக் கிடந்த காலத்தில், அவள் தலைமுடியில் ஒட்டிய துரும்புகளை எடுத்துக்கொண்டே, "முடிந்தால் உனக்குப் பொன்னால் எருசலேம் செய்து போடுவேன்" என்று சொன்னவர் அவர். மந்திரமோ மறைஞானமோ இல்லாத நகை அது. எனக்கென்னவோ இந்த மரபின் நகைகளிலேயே பிடித்தது அதுதான்.

படி 2: கபாலாவின் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கபாலா என்றதும் நமக்குக் கபாலமும் கபாலீஸ்வரரும் நினைவுக்கு வருவார்கள். தொடர்பில்லை. 'பெற்றுக்கொண்டது' என்று பொருள். ஆசிரியர் கொடுக்க மாணவர் வாங்கிக்கொண்ட ஞானம். 12-ஆம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சிலும், பிறகு ஸ்பெயினிலும் இந்த மரபு உருத்திரண்டது. இதன் தலைமை நூலான ஸோஹர் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியில் வெளிப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டின் சிமோன் பர் யோஹாய் அருளியது என்று பக்தர்கள் நம்புகிறார்கள். மோசே தெ லெயோனும் அவரைச் சேர்ந்தவர்களும் எழுதியது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

சாரம் இது. இறைவன் தன்னளவில் ஐன் ஸோஃப், முடிவற்றவன்; அவனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நாம் அறிவதெல்லாம் அவனிடமிருந்து வெளிப்பட்ட பத்து ஒளிநிலைகளை: மகுடம், ஞானம், பகுத்தறிவு, அருள், கண்டிப்பு, எழில், வெற்றி, மகிமை, அடித்தளம், அரசு. இவற்றுக்கு ஸெஃபிரோத் என்று பெயர். இவற்றை மனித உடம்பின் மேல் வைத்துப் பார்ப்பது வழக்கம். அருள் வலக்கை, அதன் நிறம் வெள்ளை. கண்டிப்பு இடக்கை, நிறம் சிவப்பு. நடுவில் எழில் இரண்டையும் சமன் செய்கிறது. இந்த வலது இடது கணக்கை மனதில் வையுங்கள்; சிவப்புக் கயிறுக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்த பெரிய பெயர் இசாக் லூரியா (1534–1572). கலிலேயாவின் மலையூரான ஸஃபேத்துக்கு 1570-இல் வந்தார். இரண்டே வருடத்தில் இறந்துபோனார். அவர் எழுதியது மிகக் கொஞ்சம்; சொன்னதையெல்லாம் எழுதி வைத்தவர் மாணவர் ஹயிம் விதால். லூரியாவின் கதை இப்படிப் போகும். உலகுக்கு இடம் விட இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டான். அந்த வெற்றிடத்தில் ஒளியை வார்க்கப் பாத்திரங்கள் செய்தான். ஒளியைத் தாங்க முடியாமல் பாத்திரங்கள் உடைந்தன. சிதறிய பொறிகள் கல், மரம், சோறு, உலோகம் என்று எல்லாவற்றுக்குள்ளும் சிக்கிக் கிடக்கின்றன. அவற்றை மீட்டுச் சீர்செய்வது மனிதனின் வேலை, அதுதான் திக்கூன்.

"அப்போ வெள்ளிக்குள்ளும் பொறி இருக்கே, போட்டுக்கொண்டால் நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும். விற்பவர்கள் சொல்வதும் இதைத்தான். ஆனால் லூரியாவின் கணக்கில் பொறியை மீட்பது மனிதனின் செயல்: கட்டளையை நிறைவேற்றுவது, வேண்டுதல், உண்ணுமுன் சொல்லும் நன்றி, அத்தனைக்கும் பின்னால் இருக்கும் மனஒருமை. இந்த மனஒருமைக்குக் கவனா என்று பெயர். தோலில் பட்ட மாத்திரத்தில் உலோகம் தானாக எதுவும் செய்துவிடும் என்று இந்தக் கதையில் எங்கும் இல்லை.

படி 3: ஆறு எழுத்துகளையாவது கற்றுக்கொள்ளுங்கள்

எழுத்துகள் பேச்சைக் குறிக்க மனிதன் கண்டுபிடித்த குறிகள் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இந்த மரபில் தலைகீழ். எழுத்துகள் முதலில், உலகம் பிறகு. 'படைப்பின் நூல்' என்று பொருள்படும் ஸெஃபெர் யெத்ஸிரா, 22 எழுத்துகளையும் பத்து அடிப்படை எண்களையும் கொண்டு உலகம் செதுக்கப்பட்டது என்கிறது. எழுத்துகளைத் தாய் எழுத்து 3, இரட்டை ஒலி எழுத்து 7, தனி எழுத்து 12 என்று பிரிக்கிறது. உயிர், மெய், ஆய்தம் என்று பிரித்துப் பழகிய நமக்கு இந்த ஆசை புரியும்.

எழுத்துக்கு எண் மதிப்பும் உண்டு. 'உயிருள்ள' என்று பொருள்படும் ஹாய் என்ற சொல்லில் ஹெத் 8, யோத் 10, கூட்டினால் 18. அதனால் யூதர்கள் திருமணத்துக்கும் பிள்ளை பிறப்புக்கும் 18, 36, 54 என்று பணம் வைப்பார்கள். நாம் 101, 501 என்று மொய் எழுதுவதைப் போல.

இப்போது எழுத்துகளை நகையில் எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம். ஹெத், வாசல் நிலை மாதிரி: இரண்டு கால், மேலே மூடிய விட்டம். ஹே ஏறக்குறைய அதேதான். ஆனால் இடது கால் மேல்விட்டத்தைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். யோத், காற்புள்ளி அளவு சின்ன எழுத்து, வரியின் மேல்பக்கம் தொங்கும். ஷீன் மூன்று கிளை கொண்டது. தாலெத்துக்கு வலது மேல் மூலை கூர்மையாகச் சற்று வெளியே நீட்டியிருக்கும். ரேஷுக்கு அதே மூலை வளைந்திருக்கும். 'உயிர்' டாலரில் வலது பக்கம் ஹெத், இடது பக்கம் யோத். மாறியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த மூலை வளைவுக்கெல்லாம் இவ்வளவு கவலையா என்று கேட்காதீர்கள். "கர்த்தர் ஒருவரே" என்னும் உபாகம வசனத்தில் 'ஒருவர்' என்பதன் கடைசி எழுத்து தாலெத். அதை ரேஷ் ஆக்கினால் 'வேறொருவர்' என்றாகிவிடும். ஒரு தாலெத்தை ரேஷ் ஆக்கினால் உலகத்தையே அழித்தவன் ஆவாய் என்று வேதத்துக்குக் கதைகளோடு விளக்கம் சொல்லும் மித்ராஷ் எச்சரிக்கிறது. அதனால்தான் தோராச் சுருளில் அந்தத் தாலெத்தை மட்டும் பெரிதாக எழுதுகிறார்கள். மோசமாக வார்த்த வெள்ளி டாலரில் முதலில் மழுங்குவதும் இந்த மூலைதான்.

நகைகளில் அடிக்கடி வரும் இன்னொன்று '72 நாமங்கள்'. செங்கடல் பிளக்கும் இடத்தில், யாத்திராகமம் 14-ஆம் அதிகாரத்தின் 19, 20, 21 ஆகிய மூன்று வசனங்களும் எபிரேயத்தில் சரியாக 72 எழுத்து கொண்டவை. முதல் வசனத்தை நேராகவும், இரண்டாவதைப் பின்னிருந்து முன்னாகவும், மூன்றாவதை மறுபடி நேராகவும் எழுதி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், செங்குத்தாக மூன்று மூன்று எழுத்தாக 72 கூட்டுகள் கிடைக்கும். அதில் பத்தாவது கூட்டு அலெஃப், லாமெத், தாலெத். கண்ணேறுக்கு இதைப் பொறித்து விற்கிறார்கள். இந்த மூன்றெழுத்துகளுக்கு அகராதியில் பொருள் தேடாதீர்கள். அவை சொற்கள் இல்லை.

படி 4: எந்தச் சின்னம் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள்

ஹம்ஸா கை. விரித்த உள்ளங்கை, பல சமயம் நடுவில் ஒரு கண். ஐந்து என்பது சொல்லின் பொருள். வட ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் யூதர்கள் இதை மோசேயின் அக்கா மிரியாமின் கை என்பார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம்கள் பாத்திமாவின் கை என்பார்கள். கையே இருவருக்கும் முந்தியது. ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் இது பெரிதாகப் புழங்கவில்லை.

ஹம்ஸாவில் மீன் செதுக்கியிருந்தால் அதற்கு ஒரு கதை உண்டு. யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளை மீன்போலப் பெருகும்படி வாழ்த்துகிறார். தண்ணீர் மூடியிருப்பதால் கடல் மீன்மேல் கண் படாது. யோசேப்பின் வழிவந்தவர்கள்மேலும் அப்படியே கண் படாது என்கிறது தல்மூத். வெளியூர் போகிறவர் கண்ணேறுக்குப் பயந்தால் வலக்கைப் பெருவிரலை இடக்கையிலும் இடக்கைப் பெருவிரலை வலக்கையிலும் பொத்திக்கொண்டு, 'நான் யோசேப்பின் வம்சம், என்மேல் கண் பலிக்காது' என்று சொல்ல வேண்டுமாம். கவனித்தீர்களா, தல்மூத் சொன்னது வெறுங்கையை. நகை அப்புறம் வந்தது.

சிவப்புக் கயிறு. பெத்லகேமில் உள்ள ராகேலின் கல்லறையைச் சுற்றி ஏழு முறை கம்பளி நூலைச் சுற்றி, அதைத் துண்டு துண்டாக வெட்டி இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். முன்பு சொன்ன கணக்கு இங்கே வருகிறது: இடது கண்டிப்பின் பக்கம், சிவப்பு கண்டிப்பின் நிறம், தீங்கு நுழையும் வாசலிலேயே காவல் வைப்பதாக விளக்கம். ராகேல் பிள்ளைப்பேற்றில் இறந்த தாய் என்பதால் கருவுற்ற பெண்கள் இதைத் தேடி வாங்குவார்கள். எல்லாம் சரி. ஆனால் மிஷ்னாவின் துணைத் தொகுப்பான தோசெஃப்தா, விரலில் சிவப்பு நூல் கட்டுவதை 'எமோரியர் வழக்கம்' என்ற பட்டியலில், அதாவது செய்யக் கூடாத மூடப்பழக்கங்களில், வைத்திருக்கிறது. 2000-க்குப் பிறகு மடோனா போன்ற பிரபலங்கள் கையில் தெரிந்ததும் இது உலகச் சரக்காகிவிட்டது. சாதாரணக் கம்பளி நூல்தான். அதற்குப் பெரிய விலை சொன்னால் கோயில் வாசலில் கயிறு விற்கும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுமுனை நட்சத்திரம். இதைக் கபாலாவின் இதயம் என்று பலர் நினைக்கிறார்கள். அறுகோணம் உலகம் முழுக்க இருந்த வடிவம். முருகன் சக்கரத்தில் நாமும் பார்த்திருக்கிறோம், அதனால் உறவு கொண்டாட வேண்டியதில்லை. யூதர்களின் பழைய சின்னம் ஏழு கிளை விளக்குதான். மந்திரத் தகடுகளில் சாலொமோன் முத்திரை என்ற பெயரில் நட்சத்திரம் இருந்தது உண்மை. ஆனால் ஒரு சமூகத்தின் கொடியாக அது ஏறியது பிராகாவில். 1354-இல் பொஹீமிய மன்னர் நான்காம் கார்ல் அங்குள்ள யூதர்களுக்குக் கொடி வைத்துக்கொள்ள உரிமை கொடுத்தார். 1897-இல் யூதர்களுக்குத் தாயகம் கோரிய சியோனிச இயக்கம் எடுத்துக்கொண்டது. 1941 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர் எல்லாரும் மஞ்சள் நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்று நாஜிகள் உத்தரவிட்டார்கள். கழுத்தில் இதைப் போடுகிறவர் எந்த மறைஞானத்தைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், பார்க்கிற யூதருக்கு அந்த மஞ்சள் துணியும் சேர்ந்துதான் தெரியும்.

ஜீவ மரம். பத்து ஸெஃபிரோத்துக்குப் பத்து வட்டம், அவற்றை இணைக்கும் 22 கோடு, எண்ணிப் பாருங்கள். வட்டத்துக்குள் கிளை விரித்த சாதாரண மரம் என்றால் அது வேறு சமாச்சாரம். 'மெர்க்காபா' என்ற பெயரில் விற்கும் முப்பரிமாண நட்சத்திரம் 20-ஆம் நூற்றாண்டின் புத்தாக்கம். மெர்க்காவா என்பது எசேக்கியேல் கண்ட தேர். அதைப் பற்றித் தானாகப் புரிந்துகொள்ளும் ஞானி அல்லாத ஒருவருக்குத் தனியாகக்கூடக் கற்பிக்காதே என்று மிஷ்னா தடுத்திருக்கிறது. அப்படிப்பட்டது சாவிக்கொத்தில் தொங்குகிறது.

மோதிரங்களில் ஐந்து உலோக மோதிரம் என்று ஒன்று விற்கிறார்கள்: பொன், வெள்ளி, செம்பு, ஈயம், வெள்ளீயம். ஐம்பொன் மோதிரம் போட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் புதுமை ஏதுமில்லை. கிமெல், ஸாயின், யோத் என்ற மூன்றெழுத்து மோதிரம், சாலொமோன் ராஜா கதையில் வரும் 'இதுவும் கடந்து போகும்' என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகள். காதலர்கள் வாங்குவது "நான் என் நேசருடையவள், என் நேசர் என்னுடையவர்" என்ற உன்னதப்பாட்டு வரி. அதன் நான்கு எபிரேயச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்தால் எலூல் என்று வரும். புத்தாண்டுக்கு முன்னால் மனம் திருந்தும் மாதத்தின் பெயர் அது. ஆனால் யூதத் திருமணத்தில் மாப்பிள்ளை போடும் மோதிரத்தில் வழக்கமாகக் கல் இருக்காது. கல்லின் விலையில் மணப்பெண் ஏமாந்துவிடக் கூடாதே என்பதுதான் காரணம். எனக்கு இந்தச் சட்ட மூளை மிகவும் பிடிக்கும்.

படி 5: எதிர்த்தவர்களையும் கேளுங்கள்

வாங்குவதற்கு முன் மைமோனிதேஸ் (1138–1204) சொன்னதைக் கேட்டுவிடுங்கள். எகிப்தில் வாழ்ந்த மருத்துவர், யூதச் சட்டத்தின் பெரிய தொகுப்பாளர். வீட்டு நிலையில் பதிக்கும் மெஸுஸாவுக்குள் தேவதூதர்களின் பெயர்களைச் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்று எழுதினார். கடவுளை நேசிக்கச் சொல்லும் ஒரு கட்டளையைத் தங்கள் சொந்த லாபத்துக்கான தாயத்தாகக் குறுக்கிவிட்டார்கள் என்பது அவருடைய கோபம். புண்ணின்மேல் வசனம் ஓதுகிறவர்களையும் விடவில்லை. ஆன்மாவுக்கு மருந்தான சொற்களை உடம்புக்கு மருந்தாக்குகிறார்கள் என்றார். சொன்னவர் வைத்தியர் என்பதைக் கவனியுங்கள்.

அவர் சொன்னதால் யாரும் நிறுத்தவில்லை. பிரசவ அறையில் லிலித் என்ற பெண்பேய் குழந்தையைத் தூக்கிவிடும் என்ற பயம் இருந்தது. மூன்று தேவதூதர்களின் பெயர் எழுதிய தாயத்தைச் சுவரில் ஒட்டினார்கள், கழுத்தில் கட்டினார்கள். 1701-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ரஸியேல் தூதரின் நூலில் இந்தத் தாயத்தின் படமே உண்டு.

பிரசவத் தாயத்துகளால் ஒரு பெருஞ்சண்டையும் நடந்தது. சபத்தாய் த்ஸெவி என்பவர் தன்னை யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரான மேசியா என்று அறிவித்துக்கொண்டு, 1666-இல் ஒட்டோமான் சுல்தானின் மிரட்டலில் முஸ்லிமாக மாறினார். அதன் பிறகும் ரகசியமாக அவரை நம்பியவர்கள் உண்டு. 1751-இல் ஹாம்பர்க், அல்தோனா பகுதியின் தலைமை ரபியான யோனதான் ஐபெஷுட்ஸ் கருவுற்ற பெண்களுக்கு எழுதிக்கொடுத்த தாயத்துகளை, யாக்கோப் எம்டென் என்ற அறிஞர் ஆராய்ந்து, அதில் சபத்தாயின் பெயர் மறைமொழியில் இருப்பதாகக் குற்றம் சாட்டினார். ஐரோப்பா முழுக்க ரபிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கழுத்தில் கட்டியிருந்த பெண்களுக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அக்காவின் டாலரைப் பார்த்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்தச் சண்டைதான்.

படி 6: கடையில் கேட்க வேண்டியவை

"இதில் என்ன எழுதியிருக்கிறது, எந்த வசனம்?" என்று முதலில் கேளுங்கள். விற்பவரால் எழுத்து எழுத்தாகச் சொல்ல முடியவில்லையென்றால் போதும், நகர்ந்துவிடலாம். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் படத்தைப் பெரிதாக்கி எழுத்துகளின் வரிசையைச் சரிபாருங்கள். படமே இடவலம் திரும்பியிருக்கலாம், அதனால் எந்தப் பக்கம் கால் வளைகிறது என்றும் பாருங்கள்.

தாயத்து என்று விற்றால், அது ஸோஃபெர் என்னும் எழுத்தர் விலங்குத் தோலில் கையால் எழுதியதா, அச்சடித்த தாளா என்று கேளுங்கள். விலை வித்தியாசம் அங்கேதான்.

பழைய யெமன் யூத வெள்ளி என்று சொல்லி விற்பவர்களிடம் நிதானமாக இருங்கள். யெமனில் வெள்ளி வேலை பெரும்பாலும் யூதர் கையில்தான் இருந்தது. கம்பியையும் மணியையும் வைத்து இழைத்த அந்த வேலை அபாரமானது. 1949, 1950-இல் ஏறக்குறைய 49,000 பேர் விமானங்களில் இஸ்ரேலுக்குப் போனபோது அந்தப் பட்டறைகளும் காலியாயின. 1906-இல் எருசலேமில் தொடங்கிய பெத்ஸலேல் பள்ளியில் யெமன் பத்தர்கள் முன்பே வேலை செய்திருக்கிறார்கள். ஆக, அந்தப் பாணியில் எருசலேமில் செய்த நல்ல நகையும் உண்டு. பாணியை மட்டும் எடுத்து நேற்று வார்த்ததும் உண்டு.

நோய் தீரும், கடன் அடையும் என்று உத்தரவாதம் கொடுத்தால் பர்ஸை மூடிவிடுங்கள்.

படி 7: அணியும்போது

யூதர் அல்லாதவர் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஹம்ஸா, 'உயிர்' டாலர், உன்னதப்பாட்டு மோதிரம் இவற்றில் யாரும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள். தெஃபிலினையோ த்ஸித்ஸித்தையோ அலங்காரமாகப் போடுவது புண்படுத்தும். நட்சத்திரத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

இறைநாமம் பொறித்த நகைக்குத் தனி ஒழுக்கம் உண்டு. அழிக்கக் கூடாத ஏழு நாமங்களை மைமோனிதேஸ் பட்டியலிடுகிறார். டாலர்களில் அதிகம் காணப்படும் ஷத்தாய் அதில் ஒன்று. முழுப் பெயரும் இருந்தால் கழிப்பறைக்குள் அப்படியே கொண்டுபோகக் கூடாது. தாயத்தைத் தோலில் பொதிந்திருந்தால் பரவாயில்லை என்று தல்மூத் வழி விடுகிறது. தினமும் கழற்றி மாட்ட முடியாது என்றால், நாமம் இல்லாத நகையை வாங்குவதே சுலபம். ஷீன் என்ற ஒற்றை எழுத்து அந்த நாமத்தின் முதலெழுத்து. அதை மட்டும் பொறித்த டாலருக்கு இந்தக் கெடுபிடி இல்லை.

படி 8: பழையதானால்

நம் வீடுகளில் பழைய நகை என்றால் உருக்கிப் புதிது செய்வோம். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இறைநாமம் செதுக்கிய உலோகத்தை அப்படியே உருக்கினால் கசையடி என்று மைமோனிதேஸின் சட்டத்தொகுப்பு சொல்கிறது. நாமம் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, பழைய வேதச் சுருள்களைச் சேர்த்து வைக்கும் கெனிஸாவில் வைக்க வேண்டும், மீதியை உருக்கிக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தவற்றைப் பிறகு மண்ணில் புதைப்பதும் உண்டு. மைமோனிதேஸ் வாழ்ந்த பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படியொரு அறை ஏறக்குறைய ஆயிரம் வருடம் நிரம்பிக்கொண்டே இருந்தது. 1896-இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கே போய்க் கட்டுக்கட்டாகக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அந்தக் குவியலில் மைமோனிதேஸ் தன் கையால் எழுதிய தாள்கள் இருந்தன. அவர் திட்டித் தீர்த்த தாயத்துகளும் அதே குவியலில் இருந்தன.

அக்காவின் டாலருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஹாய் என்பது இறைநாமம் இல்லை. அதுவும் திருப்பிப் போட்ட ஹாய். ஊர்ப் பத்தரிடம் கொடுத்தார். எடை போட்டுப் பார்த்துவிட்டு, "வெள்ளி மட்டும் சுத்தம்மா" என்றாராம். இப்போது அது அவர் காலில் மெட்டியாக இருக்கிறது.